பாடு யாருக்கு விழுந்தது

"அங்க பாடு எப்படிம்மா பிரிப்பாங்க?" என்று கேட்டார் மாமா.

படகின் குறுக்குப் பலகையில் உட்கார்ந்து என் கைபேசியை அவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன். என் தம்பி சரக்குக் கப்பலில் வேலை பார்க்கிறான். வியட்நாமில் கப்பல் நின்றபோது ஹாலோங் விரிகுடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பியிருந்தான். கடலுக்குள்ளிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறை மலைகள். ஏறத்தாழ 1,600 தீவும் திட்டும் அங்கே உண்டு. 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. அந்த மலைகளின் நிழலில், தண்ணீரின் மேலேயே மிதக்கும் வீடுகள். வாசலில் கட்டிய ஓடம். பக்கத்தில் மீன் வளர்க்கும் வலைத்தொட்டி. யார் பார்த்தாலும் "என்ன அழகு" என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். மாமா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, மலைகளை ஓரம் தள்ளிவிட்டு, வீடுகளுக்கு நடுவே கிடந்த தண்ணீரை வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை அது. காட்டுப்பள்ளித் தீவுக்கு மேற்கே ஓடும் உப்பங்கழியில், விடிந்தும் விடியாத நேரத்தில் நாங்கள் நால்வர் கிளம்பினோம்: மாமா, என் வீட்டுக்காரர், பத்து வயது மகன், நான். பழவேற்காடு போய்க் கோயில் பார்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவது என்று ஏற்பாடு. பின்னால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள், அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். முன்னால் வடக்கே போகப் போக அகன்றுகொண்டே போகும் தண்ணீர். இங்கே பாறை கிடையாது. மணலும் சேறும்தான் எங்கள் தீவுகள். கல் என்று சொல்ல இந்தப் பழவேற்காட்டு ஏரியில் சிப்பி ஓடு ஒன்றுதான் உண்டு. அதையும் ஒரு காலத்தில் வாரி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள்.

நான் காட்டுப்பள்ளியில் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்கெழுதுகிறேன். நாள் முழுவதும் பெட்டி எண்களைத் தட்டுவதுதான் வேலை. நாலு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் கூட்டிப் பெருக்கி வருகிற சரிபார்ப்பு இலக்கம். ஒன்றைத் தப்பாக அடித்தாலும் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று வேலைக்கு நடுவே பலமுறை நினைத்திருக்கிறேன். யாருக்கு எது கிடைத்தது, ஏன் கிடைத்தது என்பதைக் கூட்டிப் பார்த்துச் சரி, தப்பு என்று சொல்லும் ஓர் இலக்கம்.

பாடு என்ற சொல்லைக் கல்யாணமாகி வந்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன். மீஞ்சூரில் வளர்ந்தவளுக்குப் "படாத பாடு" தெரியும், "என் பாடு உன் பாடு" தெரியும். ஏரிக்காரர்களுக்குப் பாடு என்றால் வலை கட்டும் இடம், அந்த இடத்தில் கட்டும் முறை, இரண்டும். ஏரி முழுக்கத் தண்ணீர்தான் என்றாலும் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல வராது. முகத்துவாரத்தை ஒட்டி, ஏற்றமும் வற்றமும் இழுக்கிற ஓட்டத்தில் கழி நட்டு வலை கட்டுகிறவனுக்கு ஒரு ராத்திரியில் கிடைப்பது, தள்ளி நிற்பவனுக்கு ஒரு வாரத்திலும் கிடைக்காது. அப்படியானால் நல்ல இடம் யாருக்கு? வலியவனுக்கா, முந்தி வந்தவனுக்கா, வலை அதிகம் வைத்திருப்பவனுக்கா? பழவேற்காட்டின் பாட்டுக் குப்பங்கள், கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் என்ற மூன்றும், இதற்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு விடை வைத்திருக்கின்றன. ஊருக்கு ஊர் முறை. ஊருக்குள் சீட்டு. இன்றைக்கு நல்ல இடத்தில் கட்டியவன் அடுத்த முறை வேறு இடத்துக்குப் போக வேண்டும். கடலோரத் தமிழர் பலரிடம் இந்த வழக்கம் இருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கத்தோலிக்க மீனவர் சங்கங்கள் கட்டுவலைக்குச் சீட்டுப் போட்டுத்தான் இடம் பிரிக்கின்றன.

அதனால்தான் மாமாவுக்கு மலை கண்ணில் படவில்லை. மனிதர் வாழும் தண்ணீர் என்றால் அங்கே ஒரு பாடு இருந்தாக வேண்டும் அவருக்கு. "தெரியல மாமா" என்றேன். அந்த மிதக்கும் ஊர்க்காரர்களில் பெரும்பாலோரை 2014இல் அரசாங்கம் கரையில் குடியேற்றிவிட்டது என்று தம்பி எழுதியதைச் சொன்னேன். மாமா கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என்னை வெகு நாளாக ஒரு கேள்வி தொந்தரவு செய்கிறது. சீட்டு எடுக்கும்போது யார் கொடுக்கிறார்கள்? கடவுளா, அல்லது யாருமே இல்லையா?

எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; அம்மன் காலடியில் போட்டு, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். குழந்தை ஏன்? அதற்கு ஆசை இல்லை, பகை இல்லை. ஆசையில்லாத கையில் தெய்வம் இறங்கும் என்பது நம்பிக்கை. என் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பூ கேட்டார்கள். வெள்ளை வந்தது. அம்மன் உத்தரவு என்று அம்மா கண்கலங்கினாள். சிவப்பு வந்திருந்தால் நான் இன்றைக்கு இந்தப் படகில் இல்லை. அதை நினைக்கும்போது ஒரு பக்கம் உடல் சிலிர்க்கிறது, இன்னொரு பக்கம் பயமாக இருக்கிறது.

பாட்டுச் சீட்டு அப்படியில்லை என்கிறார் மாமா. "பூ கேக்கறது சாமி கிட்ட. சீட்டு போடறது நமக்குள்ள சண்டை வராம இருக்க. சாமி அங்க சாட்சி, அவ்ளோதான்." படகை ஓட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். எனக்கு உடனே அது மனசில் ஏறவில்லை. ஏற நேரம் பிடித்தது.

தமிழில் விதிக்கு இருக்கும் பழைய சொற்களைப் பாருங்கள். ஊழ் என்கிறோம். திருக்குறளில் 38ஆம் அதிகாரமே அதுதான். அந்தச் சொல்லுக்கு முறை என்றும் பொருள் உண்டு. ஒருவர் பின் ஒருவராக வருவது, ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது. பால் என்றாலும் விதிதான். பால் என்றால் பங்கும்கூட. தொல்காப்பியத்தில் பால்வரை தெய்வம் என்றொரு பெயர் வருகிறது, பங்கை வரையறுக்கும் தெய்வம். கிரேக்கர்களும் விதித் தெய்வத்தை மொய்ரா என்றார்கள். அவர்கள் மொழியிலும் அதற்குப் பங்கு என்றுதான் அர்த்தமாம். ஆக, விதி என்றதும் நாம் தலையில் எழுதிய எழுத்தை நினைக்கிறோம். அந்தச் சொற்களோ பந்தியில் சோறு பரிமாறுவதைப்போலப் பங்கு, முறை என்று பேசுகின்றன. எழுத்து என்றால் மாற்ற முடியாது. முறை என்றால் அடுத்தது வரும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை பேரின் ஆயுள் கிடக்கிறது!

பத்து மணிக்குப் பழவேற்காட்டுக் கரையில் இறங்கினோம். கோயில் கும்பிட்டுவிட்டு, பையன் கேட்டான் என்று டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே, கடல் கடந்து வணிகம் செய்ய வந்து இங்கேயே மண்ணானவர்கள். 1613இல் அவர்கள் கட்டிய கெல்டிரியாக் கோட்டை இப்போது புதர் மேடு. இந்தக் கரையிலிருந்து துணி மட்டும் போகவில்லை. பஞ்ச காலத்தில் தங்களையே விற்றுக்கொண்ட தமிழ்க் குடும்பங்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களுக்கு எங்கேயும் கல் நடவில்லை. பையன் எலும்புக்கூட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். விற்றுக்கொண்ட தாய் ஒருத்தி இந்த மணலில்தான் பிள்ளையின் கையைப் பிடித்து நின்றிருப்பாள். அவளிடம் போய் ஊழ் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பழவேற்காட்டில் பெருமாள் கோயில், மகிமை மாதா கோயில், பள்ளிவாசல்கள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. மாதா கோயிலும் பள்ளிவாசலும் பொதுவாக வைத்திருக்கும் ஒரு கதை எனக்குப் பிடிக்கும். விவிலியத்தில் யோனா, குர்ஆனில் யூனுஸ் நபி. பாரம் ஏற்றிய கப்பல். சீட்டுப் போடுகிறார்கள். சீட்டு அவர் பேருக்கு விழுகிறது. அவர் கடலில் போகிறார், மீன் விழுங்குகிறது. விவிலியத்தில் புயல் அடிக்கிறது. யார் செய்த பாவத்தால் இது வந்தது என்று கண்டுபிடிக்கத்தான் கப்பல்காரர்கள் சீட்டுப் போடுகிறார்கள். அங்கே சீட்டு ஒரு விரல். நீதான் என்று சுட்டிக்காட்டும் விரல்.

எங்கள் ஏரியில் சீட்டு அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது என்று மாதா கோயில் வாசலில் வைத்துத்தான் எனக்குப் பட்டது. மோசமான இடம் விழுந்தவனைப் பார்த்து யாரும் என்ன பாவம் செய்தாயோ என்று கேட்பதில்லை. நல்ல இடம் விழுந்தவன் என் புண்ணியம் என்று மீசை முறுக்குவதில்லை. அடுத்த முறை மாறும் என்று இருவருக்கும் தெரியும். கிடைப்பதைக் கடவுளின் தீர்ப்பாக ஆக்காமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மாமா சாமியைச் சாட்சி என்றதன் அர்த்தம் இதுதான். கடவுளைக் கொடுப்பவராக வைத்தால், கிடைக்காதவனுக்கு அவரே எதிரியாகிவிடுவார். எங்கள் மூத்தவர்கள் கடவுளை அந்தப் பழியிலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய பக்தி எனக்குத் தெரியவில்லை.

2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் ஒரு படகு கவிழ்ந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள். உறவு முறையாகச் சேர்ந்து வந்தவர்கள். பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அப்போது எங்கள் தெருவில் எல்லாரும் விதி என்றுதான் பேசினார்கள். விதி முடிந்தது, எமன் கூப்பிட்டான். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆள் ஏறியிருந்தது. அதற்கு எமன் எதற்கு? சீட்டுப் போட்டு இடம் பிரிக்கத் தெரிந்த கரையில், படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று எண்ணிச் சொல்லவும் ஆள் வேண்டும். எண்ணுவது மனிதர் வேலை. அதை விட்டுவிட்டு மேலே கை காட்டுவது, இறந்த பிள்ளைகளுக்கும் கடவுளுக்கும் சேர்த்துச் செய்கிற அநியாயம் என்று நான் மனசார நம்புகிறேன். நாங்கள் நாலு பேரும் உயிர்காப்பு உடுப்பு மாட்டிக்கொண்டுதான் போனோம். மாமாவுக்கு அது புழுக்கம். போட்டுக்கொண்டார்.

மத்தியானம் படகிலேயே சாப்பிட்டோம், மடவை மீன் குழம்பும் சோறும். பூநாரைகள் தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடுபோல நின்றன. ஏரி அவ்வளவு ஆழமில்லை. நிறைய இடத்தில் ஆள் நிற்கலாம். அதனால்தான் அந்தப் பறவைகள் வருகின்றன. பையன் எண்ணத் தொடங்கி இருநூறில் விட்டுவிட்டான்.

அப்போது என் வீட்டுக்காரர் பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். ஒரு பட்டியல் வந்தது. அதில் அவர் பெயர் இல்லை. கூடப் படித்த, கூடத் தொழில் செய்த இரண்டு பேர் பெயர் இருந்தது. எதை வைத்து எழுதினார்கள் என்று கேட்கப் போனவரிடம், எழுதியாகிவிட்டது என்றார்கள். இன்றைக்கும் அவர் ஒப்பந்தக் கூலிதான். "சீட்டுப் போட்டு எனக்கு விழலன்னா நான் சும்மா வந்திருப்பேன்" என்றார், சோற்றைப் பிசைந்தபடி. "லிஸ்டுன்னா மனசு ஆற மாட்டேங்குது."

அவர் சொன்னதில் இருக்கிறது எல்லாம். பட்டியலை ஒரு கை எழுதுகிறது, அந்தக் கை நமக்குத் தெரியாது. சீட்டில் எல்லாப் பெயரும் ஒரே குடத்தில் கிடக்கின்றன. குடத்தை எல்லாரும் பார்க்கிறார்கள்.

குடம் என்றதும் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. பள்ளிச் சுற்றுலாவில் போயிருக்கிறேன். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்பே குடவோலை என்று டீச்சர் பெருமையோடு சொன்னார். நானும் பெருமைப்பட்டேன். இன்றும் படுகிறேன். ஆனால் அதே சுவரில் யாருடைய ஓலை குடத்துக்குள் போகலாம் என்பதும் வெட்டியிருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 வயதுக்கு மேல் 70க்குள், வேதம் கற்றிருக்க வேண்டும். நிலமில்லாத உழவனின் ஓலை எழுதப்படவே இல்லை. குடத்துக்குள் போகாத ஓலையை எந்தக் குழந்தை எடுக்கும்?

எங்கள் பாடும் அப்படித்தான். பாட்டு உரிமை அந்தக் குப்பங்களின் பட்டினவ மீனவருக்கு மட்டும். அதிலும் கல்யாணமான ஆணுக்கு, தலைக்கட்டு என்பார்கள். என்னைக் கட்டிக்கொண்டதால் என் வீட்டுக்காரர் தலைக்கட்டு ஆனார், அவருக்குப் பங்கு வந்தது. அந்தக் கணக்கில் நான் இருக்கிறேன், என் பெயர் இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள மற்ற ஊர்க்காரர்களும் இருளர்களும் பாட்டுக்கு வெளியே. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. என்னைப் பெண்ணாக எடுத்துக்கொண்ட வீட்டின் சோறு இந்தப் பாட்டில் விளைந்தது. உள்ளே இருப்பவர்களிடம் இவ்வளவு நேர்மையாக இருக்கும் ஒரு முறை, வெளியே நிற்பவர்களைப் பார்க்காமலேயே இவ்வளவு காலம் நடந்திருக்கிறது. பட்டியலை எழுதிய அந்தத் தெரியாத கையும், குடத்துக்கு யார் பெயர் போகலாம் என்று முடிவு செய்த கையும் உறவுதானே?

திரும்பும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வாடைக் காற்று பின்னாலிருந்து தள்ளியது. காட்டுப்பள்ளிக்குக் கொஞ்சம் வடக்கே, கழி குறுகும் இடத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்தாறு பெண்கள் குனிந்திருந்தார்கள். இருளர் பெண்கள். அவர்களுக்கு வலை இல்லை, படகு இல்லை. இரண்டு கையையும் சேற்றில் விட்டு, விரலால் துழாவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடப் பனை ஓலையில் பின்னிய பறி. கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியின் வாயைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். பறி மார்பின் மேல் மிதக்கும். இறால் அகப்பட்டதும் தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பறிக்குள் போட்டுவிட்டு மறுபடி குனிவார்கள்.

"மாமா, இவங்க பேரு எந்தச் சீட்டுல இருக்கு?" என்றேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "எங்க அப்பா காலத்துல யாரும் கேக்கல. என் காலத்துல நானும் கேக்கல" என்றார் கடைசியில். குரல் தாழ்ந்திருந்தது.

பையன் கையை ஆட்டி, "ஆயா, எவ்ளோ கெடைச்சுது?" என்று கத்தினான். கரையோரமாக நின்ற வயதான அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பறி பல்லில் இருந்தது. பேச முடியாது. சேறு வழியும் ஒரு கையைத் தூக்கி, எங்கள் மோட்டாரைக் காட்டி, உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினாள்.

மாமா இஞ்சினை அணைத்தார். விசிறியைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டார். கோலை எடுத்துச் சேற்றில் ஊன்றிப் படகை நிறுத்திப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் தெளியக் கொஞ்ச நேரமானது. அந்தப் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக எங்களைத் தாண்டித் துழாவிக்கொண்டே போனார்கள். கடைசி ஆள் போய் முடியும்வரை மாமா கோலை எடுக்கவில்லை.